குழல் அறை ஜன்னல்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி ஆணி எழுதுவது. யாரையோ எழுதச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. நானே எழுதுகிறேன். இங்கே நானும் என் முழங்கால் வலியும் ஒற்றுமையாக நலம். அங்கே நீ, மகன், மருமகள் எல்லோரும் நலமா?

இந்த நாலு வரிக்கே வியர்த்துவிட்டது. முதியோர் வகுப்பில் சேர்ந்ததை உன்னிடம் சொல்லவில்லை. பாதியில் விட்டுவிட்டால் நீ சிரிப்பாயே என்றுதான். விடவில்லை. இப்போது தெருவில் நடப்பதே பெரிய வேலையாகிவிட்டது. ஒரு பலகை விடாமல் படித்துக்கொண்டு போகிறேன். நேற்று 'இங்கே துப்பாதே' என்பதை முழுதும் படித்துவிட்டு, சந்தோஷத்தில் தும்மினேன்.

இத்தனை காலமும் உன் கடிதங்களைத் தையல்காரர்தான் வாசித்துக் காட்டினார். நல்ல மனுஷன், ஆனால் சொந்தச் சரக்கும் சேர்ப்பார். நீ மழை என்று எழுதினால் அவர் இடியும் போடுவார். அளவு கொடுக்க வந்தவர்கள் எல்லாம் உன் கால்வலிக்குக் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். அதனால் ஒரே ஒரு வேண்டுகோள், அக்கா. இதை நீயே படி. மகனிடமோ மருமகளிடமோ கொடுக்காதே. நம் பேச்சு எப்போதும் மூன்றாவது வாய் வழியாகவே போய் வந்தது. இனி நடுவில் ஒரு ஈ கூட உட்காரக் கூடாது.

இன்னொரு செய்தி. நாம் வேலை பார்த்த பழைய துப்பாக்கித் தொழிற்சாலையின் போர்க்காலக் காகிதங்களில் தீயும் கரையானும் மிச்சம் வைத்தவை இந்த ஊர்க் காப்பகத்தில் இருக்கின்றன. வகுப்பு நடக்கும் கட்டடத்துக்கு அடுத்த கட்டடம். போய் உட்கார்ந்தேன். பெட்டி எடுத்துத் தரும் அம்மா, "என்ன தேடுறீங்க, பெரியவரே?" என்றாள். "தேடல்லாம் இல்லம்மா, படிக்கணும்" என்றேன். "எதைப் படிக்கணும்?" "எது இருந்தாலும்!" என்றேன். ஒரு பெட்டி கொண்டுவந்து வைத்தாள்.

எழுத்து ரொம்பச் சின்னதாக வந்துவிட்டது. பயத்தில் ஆள் ஒடுங்குவது போல எழுத்தும் ஒடுங்குகிறது. பொறுத்துக்கொள்.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
ஆணி


பிப்ரவரி 20

என் அன்புத் தம்பிக்கு,

நலம், நலம், நலம். மூன்று தரம் எழுதிவிட்டேன், போதுமா?

உன் கடிதம் வந்த அன்று நான் சாப்பிடவே மறந்துவிட்டேன். உனக்கு நினைவிருக்கிறதா? தொழிற்சாலையில் கணக்குத் தாள் எழுதும் வேலைக்காக மேஸ்திரி எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தபோது, "உன் தம்பியையும் கூப்பிடு" என்றார். நீ துப்பாக்கிப் பெட்டிக்குள் ஒளிந்துகொண்டாய். வெளியே இழுத்தபோது வாயில் நாலு ஆணி இருந்தது. "ஆணி கடிச்சிட்டிருக்கேன், வாயத் தொறக்க முடியாது" என்று சைகை காட்டினாய். அன்று வைத்த பெயர், இன்று உன் கையாலேயே எழுதிக் கையொப்பமாக வந்திருக்கிறது.

எழுத்து சின்னது என்று வருத்தப்படாதே. கடுகு கடுகாக இருக்கிறது. கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா? ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துப் படித்தேன். மருமகள், "யாரு அத்தே கடுதாசி?" என்றாள். "என் ஆள்" என்று சொல்லித் தலையணைக்கடியில் வைத்துவிட்டேன். நீ சொன்னபடி வேறு யாரும் படிக்கவில்லை, படிக்கவும் மாட்டார்கள்.

முக்காலியில் இடித்துக்கொண்டு முழங்காலில் எனக்கும் ஒரு வீக்கம். வழியில் முக்காலியை வைத்தது யார் என்று வீட்டில் ஒரே விசாரணை. அது எப்போதும் அங்கேதான் இருக்கிறது என்கிறார்கள்.

அந்தக் காகிதங்களில் என்ன இருக்கிறது? எழுது.

உன் அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் இங்கே பரவாயில்லை, அங்கே வீக்கம் வடிந்ததா?

என்ன இருக்கிறது என்று கேட்டாயே. நீ இருக்கிறாய், அக்கா! நீ வேலை பார்த்த துப்பாக்கிக் குழல் அறையின் நாள் தாள்கள், எல்லாம் உன் கையெழுத்தில். பார்த்தது, நிமிர்த்தியது, கழித்தது என்று மூன்று கட்டம். உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். 'ழ'வுக்கு நீ மட்டும்தான் இப்படிக் கொடியில் துணி மாட்டுவது போல வால் இழுப்பாய். 'குழல்' என்ற சொல் தாளுக்குத் தாள் வருகிறது. நான் சத்தமாகப் படித்துவிட்டேன் போலிருக்கிறது. எதிர் மேஜைக்காரர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

அந்த அறை எப்படி இருக்கும் தெரியுமா? உயரமான ஜன்னல். வெயில் மேஜை மேஜையாக நகரும். பெட்டி எடுத்துத் தரும் அம்மா மெத்துச் செருப்பு போட்டிருக்கிறாள், வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. காகிதத்தைப் புரட்டும் சத்தம் தூங்கும் குழந்தை திரும்பிப் படுப்பது போலக் கேட்கும். நடுவில் கண்ணயர்ந்துவிட்டால் நான் மறுபடி பெட்டி அடிக்கும் கொட்டகையில் ஆணி அடித்துக்கொண்டிருப்பேன். விழித்தால் எதிரே உன் 'ழ'.

இப்போது வெறுமனே படிப்பதோடு நிற்கவில்லை, கணக்கும் பார்க்கிறேன். பழைய வாசலில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். போரின்போது இந்தத் தொழிற்சாலை வாரம் ஆயிரம் துப்பாக்கி செய்தது என்கிறது பலகை. குழல் அறைத் தாள், சுட்டுப் பார்த்த இடத்துச் சீட்டு, எங்கள் கொட்டகைத் தாள் மூன்றையும் மாதவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். ஆயிரம் எந்த வாரத்திலும் வரவில்லை. பலகைக்குக் கொஞ்சம் தையல்காரர் புத்தி.

ஆனால் ஒரு மாதம் காணோம். கடைசி வருஷத்து ஆகஸ்ட். குழல் அறைத் தாள் ஒன்றுகூட இல்லை. முன்மாதம் இருக்கிறது, பின்மாதம் இருக்கிறது. எங்கள் கொட்டகையும் அந்த மாதம் பெட்டியே அடிக்கவில்லை போலிருக்கிறது. எனக்கு நினைவே இல்லை. அந்த ஆகஸ்டில் என்ன நடந்தது, அக்கா? அது தெரிந்தால் கணக்கு முடிந்துவிடும்.

உன் வரிகள் அந்தத் தாள்களில் நூல் பிடித்த மாதிரி இருக்கின்றன. இப்போதைய கடிதத்தில் மாடிப்படி ஏறுகின்றன. கண் மங்குகிறதோ? அதனால் இந்த முறை பெரிதாக எழுதியிருக்கிறேன். கடுகு என்று இனி நீ கேலி செய்ய முடியாது.

அன்புடன்,
ஆணி


ஏப்ரல் 27

என் அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். தாமதத்துக்குக் கோபிக்காதே. படிக்கவே சில நாள் ஆயிற்று.

உன் எழுத்து வளர்ந்துவிட்டதே! பிள்ளைகள் வளர்வது போல, மடியில் அடங்காமல்.

குழல் அறைத் தாள்கள் கிடைத்தன என்று தெரிந்தது. அந்த அறையில் என் வேலை என்ன என்று உனக்குச் சரியாகச் சொன்னதே இல்லை. ஜன்னலுக்குக் குறுக்கே ஒரு கம்பி கட்டியிருக்கும். துளைத்து மெருகிட்ட குழலைத் தூக்கி, ஒரு கண்ணை வைத்து, ஜன்னலைப் பார்க்க வேண்டும். உள்ளே வட்டத்துக்குள் வட்டமாக வெளிச்சம், எல்லாவற்றுக்கும் கடைசியில் குட்டி நிலா மாதிரி ஒரு வானம். கம்பியின் நிழல் உள்சுவரில் ஒரு கோடாக ஓடும். கோடு நேராக ஓடினால் குழல் நேர். எங்காவது நெளிந்தால் அந்த இடத்தில் கோணல். தலைக்கு மேலிருக்கும் சக்கரத்தைத் திருப்பினால் குழலின் முதுகில் மெல்ல அழுத்தும். மறுபடி பார். மறுபடி அழுத்து. கோடு நேரானதும் சுண்ணக்கட்டியால் ஒரு கீறு, 'தேறியது' என்று ஒரு சத்தம். என்னை எல்லோரும் ஜன்னல்காரி என்றுதான் கூப்பிடுவார்கள்.

குழல் நேராக இருந்தால் குண்டு நேராகப் போகும். எங்கே போகும் என்று அந்த அறையில் யாரும் பேசிக்கொள்ள மாட்டோம். நான் அந்தக் குட்டி வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் அக்கா


மே 18

அன்புள்ள ஜன்னல்காரிக்கு,

இங்கே எல்லாம் சுகம். முழங்கால் வலி தையல்காரருக்குப் போய்விட்டது. மூன்றாவது வாய் இல்லையென்றதும் அவருக்குத்தான் கஷ்டம். "அக்கா என்னங்க எழுதியிருக்காங்க? ஒரு வரியாச்சும் சொல்லுங்களேன்" என்று ஊசியில் நூல் கோக்காமல் நிற்கிறார். "எல்லாம் தேறியது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எழுத்து வளர்ந்துவிட்டது என்று நீ பாராட்டியதும் தடித்த பேனா ஒன்று வாங்கிவிட்டேன். பார், எவ்வளவு கம்பீரம்! ஒரு வரிக்கு ஐந்தாறு எழுத்து. வகுப்பில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

கணக்கில் புது முடிச்சு. உன் ஜன்னலில் தேறிய குழல்கள் அதிகம், எங்கள் கொட்டகையில் பெட்டிக்குள் போன துப்பாக்கிகள் குறைவு. மிச்சக் குழல்கள் எங்கே போயின? பெட்டி எடுத்துத் தரும் அம்மாவைக் கேட்டேன். "எங்க வீட்டுத் திரைச்சீலைக் கம்பி ரொம்ப நேரா இருக்குங்க பெரியவரே, எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு" என்றாள். சிரித்துச் சிரித்து இரண்டு பேரும் எதிர் மேஜைக்காரரிடம் திட்டு வாங்கினோம்.

அந்த ஆகஸ்ட் மாதம் பற்றி நீ எழுதவில்லையே? மறந்துவிட்டாய் போலிருக்கிறது. அக்டோபர் கடைசியில் பெட்டிகளை வேறு ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். அதற்குள் எழுதிவிடு. அல்லது நீயே இங்கே வாயேன். உன் தாளை நீயே வாசிக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன்.

ஒரு கனவு கண்டேன். குழல்கள் எல்லாம் ஜன்னலில் வரிசையாக நிற்கின்றன, காற்றடித்ததும் புல்லாங்குழல் போல ஊதுகின்றன. நீ ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்து, 'தேறியது, தேறியது' என்கிறாய்.

உன் ஆணி


ஜூலை 6

தம்பிக்கு,

நலம். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அலட்சியம் வேண்டாம்.

கணக்குக்கு என் வாழ்த்து. நீ சொன்னது எல்லாம் நியாயமாகத்தான் இருக்கிறது.

இங்கே வெயில் கடுமை. நான் அதிகம் வெளியே போவதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். உலகம் அப்படியேதான் இருக்கிறது, ஓரங்கள் மட்டும் எங்கேயோ போய்விட்டன. காலையில் ஒரு பறவை வந்தது. அலகைப் பார்த்தேன். பிறகு இறகைப் பார்த்தேன். பறவையைப் பார்ப்பதற்குள் போய்விட்டது.

உன் அக்கா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு தரம் கேட்டும் அந்த மாதத்தைப் பற்றி நீ பதில் எழுதவில்லை. முழங்கால் சரியாகிவிட்டது என்று எழுதினேன், ஒத்தடம் கொடு என்கிறாய். வரவர உன் கடிதமும் சுருங்குகிறது.

கிணற்றில் போட்ட கல் மாதிரி என் கேள்விகள் போகின்றன. யோசித்துப் பார்த்தேன். நான் காகிதம் கிடைத்த சந்தோஷத்தில் குதிக்கிறேன். நீ அந்தக் குழல்களோடு வாழ்ந்தவள். உனக்கு அதைக் கிளறுவது வலிக்கிறதோ என்னவோ. எனக்கு அது எழுத்து, உனக்கு அது இரும்பு.

கண் சிரமப்படக் கூடாது என்று கட்டைவிரல் பருமனில், முழு முழுத் தாளாக எழுதுகிறேன்.

நான் இதை நிறுத்திவிடட்டுமா? உனக்குத் தொந்தரவு தரும் கடிதங்களையும் நிறுத்திவிடட்டுமா?

ஒரே வரியில் எழுதினால் போதும்.

ஆணி


செப்டம்பர் 11

என் அன்புத் தம்பிக்கு,

நலமே.

நீ கேட்டபடியே ஆகட்டும். உனக்கு நான் எப்போது இல்லை என்று சொல்லியிருக்கிறேன்?

உன் அக்கா


நவம்பர் 8

என் தங்கத் தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இன்று இல்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

செப்டம்பர் முடிந்தது, அக்டோபர் முடிந்தது. உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து நிற்பேன், அது அடுத்த வீட்டில் நிற்கும். மருமகள், "உங்க ஆளு என்ன அத்தே, கோவிச்சுக்கிட்டாரா?" என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. உன் கடைசிக் கடிதத்தில் என்ன இருந்தது என்றே எனக்குத் தெரியாதே, தம்பி.

ஆமாம். நான் அதைப் படிக்கவில்லை. படிக்க முடியவில்லை.

என் கண் மங்கவில்லை. நடுவில் பார்வை ஊசிமுனை மாதிரி கூர்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் சுற்றிலும் இருட்டிக்கொண்டே வந்து, இப்போது நான் எல்லாவற்றையும் ஒரு குழல் வழியாகத்தான் பார்க்கிறேன். கண் மருத்துவர், "போனது திரும்பாதும்மா, இருக்கறதக் காப்பாத்தலாம்" என்று சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். அவருக்கு முன்னால் எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷம் கழித்து என்னை மறுபடி அந்த அறையிலேயே உட்கார வைத்துவிட்டார்களே என்று.

உன் முதல் கடிதம் கடுகாக இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் என் வட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது. ஒன்றுவிடாமல் படித்தேன். அடுத்ததில் எழுத்து வளர்ந்தது. தத்தித் தத்திப் பாதி படித்தேன். தடித்த பேனா வந்த பிறகு எனக்குத் தெரிந்தது வெறும் மை. ஒரு கொம்பு தெரியும், அது எந்த எழுத்தின் கொம்பு என்று தெரியாது. யானையின் பக்கத்தில் எறும்பு நின்ற மாதிரி. நீ அவ்வளவு ஆசையாகப் பெரிதாக எழுதுகிறாய், அதைப் போய் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன். அதனால் ஊகித்து ஊகித்துப் பதில் எழுதினேன்.

போன வாரம் மருமகள் கடைக்குப் போனபோது நீ ஆகஸ்டில் எழுதிய கடிதத் தாள்களை எடுத்தேன். கொல்லையில் துணிக்கொடி இருக்கிறது. வரிசையாகக் கவ்வி மாட்டிவிட்டுப் பின்னால் நடந்தேன். நடக்க நடக்க எழுத்து சிறுத்தது. சுவரில் முதுகு முட்டியபோது ஒவ்வொரு எழுத்தாக வட்டத்துக்குள் வந்து அடங்கியது. காற்றில் தாள் ஆடுகிறது, வரி ஓடி ஒளிகிறது, பிடித்துப் பிடித்துப் படிக்கிறேன். 'நிறுத்திவிடட்டுமா' என்று வந்தது. அதற்குத்தான் 'ஆகட்டும்' என்று எழுதியிருக்கிறேன் என்று புரிந்ததும் அந்தச் சுவரிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

மருமகள் வந்து பார்த்துவிட்டு, "அத்தே, கடுதாசியத் துவைச்சா காயப் போட்டிருக்கீங்க?" என்றாள். "கிட்டப் போகாதேடி, அது என் தம்பியோடது!" என்று கத்தினேன். பாவம், கூடையோடு அப்படியே நின்றாள். அவள் வாசிக்கவில்லை. உன் கட்டளை இன்னும் உடையவில்லை.

மற்ற கடிதங்களையும் மாட்டிப் படித்தேன். இதோ பதில்கள். மிச்சக் குழல்கள் திரைச்சீலைக்குப் போகவில்லை. சுட்டுச் சுட்டுத் தேய்ந்த பழைய துப்பாக்கிகளுக்கு மாற்றுவதற்குக் கட்டுக் கட்டாகப் போயின, உங்கள் கொட்டகைப் பக்கம் வராமலே.

அந்த ஆகஸ்டில் தாள் தொலையவில்லை, தம்பி. எழுதவே இல்லை. விமானம் வரும் என்று சொல்லி எல்லா ஜன்னலுக்கும் கறுப்புச் சாயம் அடித்துவிட்டார்கள். விளக்கு வெளிச்சத்தில் கோடு பொய் சொல்லும், பகல் வெளிச்சம்தான் வேண்டும். குழல்கள் கரும்புக் கட்டு மாதிரி மூலையில் சாய்ந்து கிடந்தன. பார்க்காத குழல் துப்பாக்கி ஆகாது. ஒரு ஜன்னல் இருண்டதும் தொழிற்சாலையே தூங்கிவிட்டது. நீ அந்த மாதம் காலிப் பெட்டிக்குள் படுத்துத் தூங்கினாய், உனக்கு எப்படி நினைவிருக்கும்? எனக்கு நினைவிருக்கிறது. அந்த மாதம் முழுதும் எந்தக் குழலும் எங்கள் ஜன்னலைத் தாண்டிப் போகவில்லை. அந்த இருட்டில் நான் உட்கார்ந்து மூச்சு விட்டேன். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? பிறகு மேஸ்திரி வந்து சாயத்தில் காசு அளவுக்கு ஒரு வட்டம் சுரண்டச் சொன்னார். சுரண்டினேன். வெளிச்சம் வந்தது, வேலையும் வந்தது.

நீ நிறுத்தவேண்டாம், தம்பி. சின்னதாக எழுது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

உன் அக்கா


நவம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம், நேற்றுக் காலை உன் கடிதம் வந்தது முதல்.

செப்டம்பர்க் கடிதம் வந்த அன்று தடித்த பேனாவைத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டேன், துணியில் கோடு போட வைத்துக்கொண்டார். காப்பகத்துக்கும் போகவில்லை. பெட்டிகள் போய்விட்டன. நேற்றுப் போய் அந்த அம்மாவிடம் ஆகஸ்ட் மாத விஷயத்தைச் சொல்லட்டுமா, இது எனக்கும் அக்காவுக்கும் மட்டுமா என்று யோசித்துக்கொண்டே நின்றேன். "என்ன பெரியவரே, கணக்கு முடிஞ்சுதா?" என்றாள். "முடிஞ்சுதும்மா. ஒரு மாசம் எல்லாரும் தூங்கினோம்" என்றேன். அவளும் சரி என்று தலையாட்டினாள். வெறும் மேஜைமேல் வெயில் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. அந்த மாதத்தை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது, அக்கா. மற்ற மாதங்களில் எத்தனை குழல் தேறியது என்று காகிதம் சொல்லும். இந்த ஒன்றை நீ சொல்ல வேண்டியிருந்தது.

நான் எழுத்துக் கூட்டிப் படிப்பவன். இன்னும் எனக்கு ஒரு சமயத்தில் ஒரே எழுத்துதான் தெரியும், அடுத்ததற்குப் போகும்போது முன்னது மறைந்துவிடும். நீயும் அப்படித்தான் படிக்கிறாய் என்றால், நாம் இரண்டு பேரும் ஒரே வகுப்பு.

உன் கடிதத்தைச் சுருட்டி ஒரு குழல் செய்திருக்கிறேன். மெல்லிய பேனாவால் ஒரு வரி எழுதுகிறேன், உன் கடிதத்தை ஒரு கண்ணில் வைத்து, மறு கண்ணை மூடி, ஜன்னல் வெளிச்சத்தில் அந்த வரியைப் பார்க்கிறேன். வட்டத்துக்குள் அடங்காத எழுத்தை அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். அதனால்தான் இவ்வளவு அடித்தல். 'ஆணி' என்ற சொல்லில் 'ணி' மட்டும் இரண்டு தரம் கழிந்தது, பிறகு தேறியது. உள்ளே எல்லாம் மங்கலாக, தூரமாக, கடைசியில் நிலா மாதிரி வெள்ளைக் காகிதம், அதன் நடுவில் தனியாக ஒரு கறுப்பு எழுத்து. ஒரு எழுத்து இவ்வளவு அழகு என்று வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லையே, அக்கா.

மாதக் கடைசியில் ரயிலேறி வருகிறேன். முக்காலியை நகர்த்தி வைக்கச் சொல். துணிக்கொடியை அவிழ்க்க வேண்டாம்.

இந்தக் கடிதத்தை ஜன்னலுக்கு எடுத்துப் போ. ஒரு கண்ணை மூடிக்கொள். தேறியதா என்று எழுது.

உன் ஆணி